அறுக்குமுன் அறிதல்: மார்பகக் கட்டிகளுக்கான திசு ஆய்வு முறைகள் – ஓர் ஒப்பு நோக்கு

முன்னுரை

நோய்களுள் சில உடலை மட்டும் வருத்துவன. சில தம் பெயராலேயே உள்ளத்தையும் வருத்துவன. மார்பகத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும் ஒரு பெண்ணின் உள்ளத்தில் முதலில் எழுவது புற்றுநோய் என்னும் அச்சமே. "பயாப்சி எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னதும் அவ்வச்சம் இரு மடங்காகிறது. பயாப்சி என்றாலே நோய் உறுதியாகிவிட்டது என்று எண்ணிக் கலங்குவோர் உளர். ஊசி பட்டால் நோய் பரவும் என்று பிறர் சொல்லக் கேட்டு மருத்துவமனைக்குச் செல்வதையே ஒத்திப்போடுவோரும் உளர். இவ்விரண்டு எண்ணங்களுமே பிழையானவை. இரண்டாவது எண்ணம் உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லது.

மார்பகத்தில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல. நீர்க்கட்டி, நார்த்திசுக் கட்டி, சீழ்க்கட்டி, காசநோயால் தோன்றும் வீக்கம், அடிபட்டதால் கொழுப்புத் திசு இறுகித் தோன்றும் கட்டி எனப் பல வகைகள் உள. ஐக்கிய அமெரிக்க நாட்டில் செய்யப்படும் மார்பகத் திசு ஆய்வுகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, புற்று இல்லை என்னும் முடிவையே தருகின்றன. ஆயினும் கைக்குத் தட்டுப்படும் உணர்வை மட்டும் கொண்டோ, படத்தை மட்டும் கொண்டோ ஒரு கட்டியின் இயல்பை முற்றத் துணிதல் எல்லா வேளையிலும் இயலாது. கட்டியிலிருந்து சிறிது எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தலே உறுதியான வழி. அதுவே திசு ஆய்வு.

இத்திசு ஆய்வு ஒரு முறையன்று, பல முறைகள். அவற்றுள் எது எப்போது ஏற்றது, ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை ஒப்பிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறியாமல் அறுத்த காலம்

திசு ஆய்வின் அருமையை உணர, அஃது இல்லாத காலத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலப் புதின ஆசிரியை ஃபேனி பர்னி 1811 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பாரிசு நகரில் தம் வலது மார்பகத்தை இழந்தார். அறுவை செய்தவர் நெப்போலியனின் படை மருத்துவராகப் புகழ்பெற்ற லாரே. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மதுவகை சிறிது அருந்தியதே பர்னிக்குக் கிட்டிய ஒரே ஆறுதல். தாம் பட்ட வேதனையைப் பின்னர்த் தம் தமக்கைக்கு நீண்ட மடலாக அவர் எழுதினார். அறுவைக்குப் பின் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840 இல் மறைந்தார். அவருக்கு இருந்தது புற்றுநோய்தானா என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அறுக்குமுன் அறிவதற்கு அன்று வழியில்லை.

'பயாப்சி' என்னும் சொல்லை 1879 இல் பிரெஞ்சுத் தோல்நோய் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே வழக்கிற்குக் கொண்டுவந்தார். உயிர், பார்வை என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டே அது. 1905 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த லூயி வில்சன், வெட்டி எடுத்த திசுவை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிச் சில நிமிடங்களில் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 'உறைசீவல் ஆய்வு' எனப்படும் அம்முறை பேருதவி புரிந்தது. ஆனால் அதனோடு கூடவே ஒரு வழக்கமும் வேரூன்றியது.

கட்டியுடைய பெண்ணை முழு மயக்கத்தில் ஆழ்த்துவர். கட்டியை அறுத்து உறைசீவல் ஆய்வுக்கு அனுப்புவர். முடிவு வரும்வரை அவர் மேசையிலேயே கிடப்பார். புற்று என்று முடிவு வந்தால் அதே மயக்கத்தில் மார்பகம் முழுவதையும், அதன் அடித் தசைகளையும், அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிவிடுவர். கண் விழிக்கையில் மார்பகம் இருக்குமா இராதா என்பதை அறியாமலேயே பெண்கள் மயக்கத்தில் ஆழ்ந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு 1974 செப்டம்பர் 28 அன்று மேற்கொண்டதும் இத்தகைய 'ஒரே கட்ட' அறுவையே.

அதே 1974 ஆம் ஆண்டில் ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்க இதழாளர் தம் மார்பகத்தில் கட்டி இருக்கக் கண்டார். முதலில் ஆய்வு மட்டும் செய்க, முடிவைத் தெரிவிக்க, அதன்பின் சிகிச்சையை நான் எண்ணித் துணிகிறேன் என்பதே அவர் வேண்டுகோள். அதற்கு இசையும் மருத்துவரைத் தேடி அவர் அலைய நேர்ந்தது. தம் பட்டறிவையும் தாம் திரட்டிய செய்திகளையும் 1975 இல் நூலாக வெளியிட்டார். 1979 இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, பெரும்பாலான நோயாளிகளுக்கு ஆய்வும் சிகிச்சையும் இரு வேறு கட்டங்களாக நிகழ்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராகக் குஷ்னரும் இடம்பெற்றிருந்தார். இன்று எளிய ஊசி ஆய்வின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் குடும்பத்தாரோடு கலந்து பேச முடிகிறதெனின், அதற்குப் பின்னே இத்தகைய போராட்டமும் இருக்கிறது.

மும்முனைச் சோதனை

திசு ஆய்வு தனித்து நிற்பதன்று. மூன்று சோதனைகளுள் அது மூன்றாவது. முதலாவது, மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தறிதல். இரண்டாவது, படம் எடுத்தல். நடுத்தர வயதினர்க்கும் முதியோர்க்கும் மேமோகிராம், இளம் வயதினர்க்கு அல்ட்ராசவுண்டு ஸ்கேன், தேவைப்படின் இரண்டும். மூன்றாவதே ஊசி ஆய்வு.

படத்தைப் பார்த்தறியும் வல்லுநர், தாம் கண்டதை ஓர் எண்ணால் தரப்படுத்துவார். 'பைராட்ஸ்' எனப்படும் அத்தர வரிசையை அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993 இல் வெளியிட்டது. மூன்றாம் தரம் எனின் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாது. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்த்தல் போதும். நான்காம் தரம் எனின் அவ்வாய்ப்பு இரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து வரை விரிந்து கிடக்கும். ஐந்தாம் தரம் எனின் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. நான்கிற்கும் ஐந்திற்கும் திசு ஆய்வு கட்டாயத் தேவை. ஆகவே, படமெடுத்தல் முதலிலும் ஊசி அதன் பின்னும் நிகழ்தலே முறை. ஊசி குத்திய இடத்தில் குருதி கசிந்து படத்தைக் குழப்பக்கூடும் என்பதும் இவ்வரிசைக்கு ஒரு காரணம்.

நுண்ணூசி உறிஞ்சல் ஆய்வு

மருத்துவமனைகளில் எஃப்.என்.ஏ.சி. என்று வழங்கப்படுவது இதுவே. ஊசியால் கழலையின் இயல்பை அறிய முயலுதல் பழமையானது. ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகர்ப் பகுதியில் வாழ்ந்து 1013 ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, கழுத்துக் கழலைகளை ஊசியால் துளைத்து ஆராய்ந்தார் என மருத்துவ வரலாற்றாசிரியர் கூறுவர். இக்காலத்தில் 1930 இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் மார்ட்டின், எல்லிஸ் ஆகிய இருவரும் ஊசியால் உறிஞ்சி ஆராயும் முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அதனை மேலும் மெல்லிய ஊசியால் செய்து உலகெங்கும் பரவச் செய்தவர்கள் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள்.

ஊசியின் பருமனைக் 'கேஜ்' என்னும் எண்ணால் குறிப்பர். எண் கூடக் கூட ஊசி மெலியும். இம்முறையில் 22 முதல் 25 கேஜ் வரையிலான ஊசி பயன்படும்; அதன் தடிமன் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கும். குருதி எடுக்கும் ஊசியை ஒத்தது, அல்லது அதனினும் மெல்லியது. கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சில முறை முன்னும் பின்னும் அசைத்தால் உயிரணுக்கள் ஊசிக்குள் ஏறும். அவற்றைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பர். மரத்துப்போகும் மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. வசதியுள்ள இடத்தில் அன்றே முடிவு தெரிந்துவிடும், செலவும் குறைவு.

நீர்க்கட்டியாயின் இம்முறை ஆய்வாகவும் மருந்தாகவும் அமையும். நீரை உறிஞ்சியதும் கட்டி மறையும். சீழாயின் அதனைச் சோதித்துக் கிருமியைக் கண்டறியலாம். அக்குளில் வீங்கிய நிணநீர் முடிச்சில் நோய் பரவியுள்ளதா என்று அறியவும் இது உதவும்.

இதன் குறை யாது? இது தருவது உயிரணுக்களை; திசுவையன்று. தமிழ் பயில்வோர்க்கு ஓர் உவமையால் இதனை விளக்கலாம். ஓர் ஓலைச் சுவடியிலிருந்து உதிர்ந்த எழுத்துகள் சிலவற்றைக் கொண்டு, அவை எம்மொழி எழுத்துகள் என்று சொல்லலாம். பாடலின் பொருளைச் சொல்ல இயலாது. பொருள் அறிய எழுத்துகள் அமைந்த அடி முழுவதும் வேண்டும். அதுபோலவே, உதிரி உயிரணுக்களைக் கொண்டு அவை புற்றுத் தன்மை உடையனவா என்று பெரும்பாலும் கூறலாம். ஆனால் அவை பால்நாளத்தின் சுவருக்குள்ளேயே அடங்கி நிற்கின்றனவா, சுவரைக் கடந்து வெளியே ஊடுருவிவிட்டனவா என்பதைக் கூற இயலாது. சுவரோடு கூடிய திசு இருந்தால்தான் அதனை அறியலாம். சிகிச்சையையே மாற்றக்கூடிய வினா இது.

இன்னொரு குறை, போதிய உயிரணுக்கள் கிட்டாமல் போதல். நார் மிகுந்த கட்டிகளில் இவ்வாறு நேர்வதுண்டு. "போதிய பொருள் இல்லை" என்று வரும் அறிக்கை "நோய் இல்லை" என்று பொருள்படாது. இவ்வேறுபாட்டை நோயாளியின் குடும்பத்தார் அறிந்திருத்தல் மிக இன்றியமையாதது. எடுப்பவரின் கைத்திறனும் பார்ப்பவரின் பயிற்சியும் சிறந்த இடங்களில் இம்முறை மிக நன்கு பயன்படுகிறது. அவை குறைந்த இடங்களில் நம்பகமும் குறைகிறது.

தடித்த ஊசித் திசு ஆய்வு

'கோர் பயாப்சி' என்றும் 'ட்ரூகட்' என்றும் வழங்குவது இம்முறை. இதில் பெரும்பாலும் 14 கேஜ் ஊசி பயன்படும். அதன் தடிமன் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். தோலை மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் அளவே கீறி, ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டியருகே செலுத்துவர். விசையை அழுத்தியதும் சுருள்வில் ஊசியைப் பாய்ச்சும். 'டக்' என்று ஓர் ஒலி எழும். ஒலியைக் கேட்டு நோயாளி திடுக்கிடாதிருக்க அதனை முன்னரே சொல்லிவைப்பது நல்ல மருத்துவரின் வழக்கம். தீக்குச்சியினும் மெலிந்த, ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள திசுத்துண்டு கிட்டும். இவ்வாறு நான்கைந்து துண்டுகள் எடுப்பர். தையல் தேவையில்லை. சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர்.

விசையால் இயங்கும் இக்கருவி 1980 களில் ஸ்வீடன் நாட்டில் உருவானது. அதனை மார்பகத்திற்கு ஏற்ற முறையில் பயன்படுத்தி 1990 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஸ்டீவ் பார்க்கர். அதன்பின் பல நாடுகளில் அறுவை ஆய்வின் இடத்தை இம்முறை பிடித்துக்கொண்டது.

இதன் சிறப்பு, திசு தன் அமைப்புக் குலையாமல் கிட்டுதல். புற்று உண்டா, எவ்வகை, ஊடுருவியதா, எத்தரம் என்பவற்றை இது சொல்லும். அதனோடு ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் ஏற்பிகள் உள்ளனவா, 'ஹெர்-2' என்னும் புரதம் மிகுந்துள்ளதா என்பவற்றையும் இத்துண்டுகளிலேயே சோதிக்கலாம். இன்றைய சிகிச்சை இவ்விடைகளைக் கொண்டே வகுக்கப்படுகிறது. சிலருக்கு அறுவைக்கு முன்னரே மருந்துச் சிகிச்சை தந்து கட்டியைச் சுருக்குவர். கட்டி முற்றும் மறைந்துபோனால், அது முன்பு எத்தன்மையது என்பதற்கு இத்திசுத்துண்டுகளே எஞ்சும் சான்று.

குறைகளும் உண்டு. கட்டியின் ஒரு பகுதியே எடுக்கப்படுவதால் மற்றப் பகுதியில் உள்ளது தப்பிவிடலாம். பால்நாளத்திற்குள் அடங்கிய தொடக்கநிலைப் புற்று என்று இம்முறையால் அறியப்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பின்னர் அறுவை செய்தபோது ஊடுருவிய புற்றும் இருந்தது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. ஆகவே இம்முடிவையும் இறுதி முடிவு என்று கொள்ளாமல், சிகிச்சைக்கு வழிகாட்டும் முடிவு என்று கொள்ளுதலே பொருந்தும்.

வெற்றிட உறிஞ்சு முறை

1990 களின் நடுவில் அறிமுகமான இம்முறையில், ஊசி இன்னும் தடித்தது; 7 முதல் 11 கேஜ் வரை. ஒருமுறை உள்ளே செலுத்திய ஊசியை வெளியே எடுக்காமலேயே, வெற்றிடத்தால் திசுவை உள்ளிழுத்துச் சுழலும் கத்தியால் நறுக்கிப் பல துண்டுகளைப் பெறலாம்.

கைக்குத் தட்டுப்படாமல் மேமோகிராமில் மட்டும் மணல் துகள்கள்போல் தோன்றும் சுண்ணாம்புப் படிவுகளுக்கு இது சிறந்தது. எடுத்த துண்டுகளையே எக்ஸ்கதிர்ப் படம் எடுத்து, அத்துகள்கள் அவற்றில் உள்ளனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்வர். எடுத்த இடத்தில் சிறிய உலோக அடையாளம் ஒன்றை வைத்துவிடுவதும் வழக்கம். பின்னர் அறுவை தேவைப்படின் இடம் தெரிய வேண்டுமன்றோ! திசு மிகுதியாகக் கிட்டுவதால் நோயைக் குறைத்து மதிப்பிடும் பிழை முன்கூறிய முறையினும் குறைகிறது. ஆனால் குருதிக் கசிவு சற்று மிகும். கருவியின் விலையும், ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய ஊசியின் விலையும் மிகும். எனவே பெரிய மருத்துவ நிலையங்களிலேயே இது பெரும்பாலும் கிட்டுகிறது.

அறுவை முறை

கட்டி முழுவதையும் வெட்டி எடுத்தோ, அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தோ ஆராய்வது இம்முறை. நெடுங்காலம் இதுவே அளவுகோலாக விளங்கியது. மற்ற முறைகளின் துல்லியம் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்பட்டது. திசு நிறையக் கிட்டுவதால் ஐயத்திற்கு இடம் குறைவு.

ஆயினும் முதல் ஆய்வாக இதனைச் செய்தல் இன்று விரும்பப்படுவதில்லை. கட்டி புற்று அல்லாததாயின், தேவையற்ற தழும்பும் செலவும் எஞ்சும். புற்றாயின் நிலை இன்னும் சிக்கலாகும். சாதாரணக் கட்டி என்று கருதி ஓரம் பாராமல் அகற்றியிருப்பர். அறிக்கை வந்தபின் மீண்டும் அறுவை செய்ய நேரும். முதல் கீறல் பொருந்தா இடத்தில் இருந்தால் மார்பகத்தைக் காக்கும் அறுவைக்கும் அஃது இடையூறாகலாம். ஊசியால் முன்னரே அறிந்திருந்தால் திட்டமிட்ட ஒரே அறுவையில் முடிக்கக்கூடியது, இரண்டாகிறது.

அறுவை ஆய்வு கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உள. ஊசி ஆய்வு ஐயத்திற்குரிய உயிரணுக்களைக் காட்டும்போது, படமும் ஊசி முடிவும் முரண்படும்போது, நார்த்திசுக் கட்டியைப் போலத் தோன்றி விரைந்து வளரும் 'ஃபில்லோட்ஸ்' கட்டி என்று ஐயுறும்போது முழுக் கட்டியையும் எடுத்தே பார்த்தல் வேண்டும். முலைக்காம்பில் ஆறாத புண் இருந்தாலோ, தோல் சிவந்து ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்திருந்தாலோ, சிறு வட்டக் கத்தியால் தோலில் ஒரு துண்டு எடுத்து ஆராய்வதும் உண்டு. உறைசீவல் ஆய்வு முதல் ஆய்வு என்னும் நிலையிலிருந்து விலகி, அறுவையின்போது ஓரங்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சரிபார்க்கவே இன்று பெரிதும் பயன்படுகிறது.

எது சிறந்தது?

அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு முகமைக்காகத் தொகுக்கப்பட்டு 2009 இல் வெளிவந்த ஆய்வறிக்கை, படத்தின் துணையோடு செய்யும் தடித்த ஊசி ஆய்வு ஏறத்தாழ அறுவை ஆய்வைப் போன்றே துல்லியமானது என்று கண்டது. கடுமையான பின்விளைவுகள் ஊசி முறையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அறுவை முறையில் இரண்டு முதல் பத்து வரை. ஆகவே பொதுவாக நோக்கின், புற்று என்று ஐயுறத்தக்க கட்டிக்குத் தடித்த ஊசி ஆய்வே முதல் தேர்வு.

எனினும் 'எது சிறந்தது' என்பதினும் 'யாருக்கு எது ஏற்றது' என்று வினவுதலே தகும். கல்லூரி பயிலும் வயதுடைய பெண்ணுக்கு வழுக்கி ஓடும் உருண்டையான கட்டி இருந்தால், அது பெரும்பாலும் நார்த்திசுக் கட்டி. பிடிபடாமல் ஓடுவதால் ஆங்கில மருத்துவர்கள் அதனை 'மார்பக எலி' என்று விளையாட்டாகக் கூறுவர். ஸ்கேனில் எல்லா அடையாளமும் தீங்கற்றதையே காட்டினால், மிக இளையோர்க்கு ஊசியே தேவைப்படாமலும் போகலாம். நாற்பதைக் கடந்த பெண்ணுக்குக் கெட்டியான, அசையாத கட்டி இருந்தால் தடித்த ஊசியே ஏற்றது. மேமோகிராமில் மட்டும் தோன்றும் துகள்களுக்கு வெற்றிட முறை ஏற்றது. நீர் நிறைந்த கட்டிக்கு நுண்ணூசி போதும்.

நம் நாட்டிற்குச் சிறப்பாக உரிய ஒன்றும் உண்டு. மார்பகக் காசநோயும், காரணம் தெளிவாகப் புலப்படாத குருணை அழற்சியும் தொட்டுப் பார்க்கையிலும் படத்திலும் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடியவை. இவற்றுக்கு மருந்தே முதன்மைச் சிகிச்சை. திசு ஆய்வின்றி அறுவைக்குச் சென்றால், மருந்தால் தீரக்கூடிய நோய்க்கு உறுப்பை இழக்க நேரும்.

சில ஐயங்களுக்கு விடை

ஊசி குத்தினால் புற்று பரவுமா? ஊசியின் பாதையில் சில உயிரணுக்கள் இடம்பெயர்தல் காணப்பட்டுள்ளது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை நிலைத்து வளர்வதில்லை. ஊசி ஆய்வு செய்துகொண்டதால் நோயாளிகளின் ஆயுள் குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை. பரவ விடுவது ஊசியன்று, காலத் தாழ்வே.

நல்ல முடிவு வந்தால் கவலை தீர்ந்ததா? தொட்டறிந்ததும், படமும், ஊசி முடிவும் ஒன்றோடொன்று இசைந்தால் தீர்ந்தது. படம் ஐந்தாம் தரம் என்று சொல்ல, ஊசி முடிவு 'தீங்கற்றது' என்று வந்தால், மகிழ்ந்து வீடு திரும்பிவிடல் ஆகாது. ஊசி இலக்கைத் தவறவிட்டிருக்கலாம். ஆய்வை மீண்டும் செய்தல் வேண்டும்.

எடுத்த திசுவை எப்படிக் காக்க வேண்டும்? எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் நூற்றுக்குப் பத்து அளவிலான நடுநிலை ஃபார்மலின் நீர்மத்தில் இட வேண்டும். அதில் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் ஊற வேண்டும். இவ்விதி பிறழ்ந்தால் இயக்குநீர் ஏற்பி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால் ஒரு பெண் தமக்குப் பயன்படக்கூடிய மாத்திரையை இழப்பார். திசுப் புட்டியை ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு உறவினரிடம் தரப்படும் இடங்களில், அதனை நாள் கணக்கில் வீட்டில் வைத்திருந்து பின்னர்க் கொண்டுசெல்வது எத்துணைத் தீங்கு என்பது இதனால் விளங்கும்.

முன்னேற்பாடு என்ன? குருதி உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும்; தாமாக நிறுத்துதல் கூடாது. ஆய்வுக்குப் பின் சிறிது கன்றிப்போதல் இயல்பு. சில நாளில் மறையும்.

நம் கடமை

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இந்நோயால் மாண்டனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2021 இல் வகுத்த திட்டம், நோயாளி முதன்முதல் மருத்துவரை அணுகியதிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் இன்னதென உறுதி செய்யப்பட வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. கட்டியைக் கண்ட பெண் அதனை வெளியிடாமல் மாதக் கணக்கில் மறைத்தால், அறுபது நாள் எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது.

மறைப்பதற்கு நாணமே பெரும் காரணம். பெண் மருத்துவர் ஆராய்தல் வேண்டும் என்று கேட்பது தவறன்று. உடன் ஒரு பெண் உறவினரை வைத்துக்கொள்ளக் கேட்பதும் தவறன்று. பல மருத்துவமனைகள் இதற்கு இசைகின்றன. ஆனால் அது கிட்டும்வரை எத்தனை மாதமாயினும் காத்திருப்போம் என்பது தவறு. செலவுக்கும் இசைவுக்கும் ஆடவரை எதிர்நோக்கும் பெண்கள் பலர் நம் இல்லங்களில் உளர். "வலி இல்லையே, பிறகு பார்க்கலாம்" என்று ஒரு கணவரோ மகனோ சொல்லும் சொல் எத்துணை விலையுடையது என்பதை ஊர்ப் பெரியோர்கள் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்னும் இந்த ஒரு செய்தியை மாணவியர் தத்தம் வீட்டில் தாய்க்கும் பாட்டிக்கும் சொன்னாலே போதும். அது பெரும் தொண்டாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டுவன சிலவே: எனக்கு எந்த முறை ஆய்வு, ஏன்? படத்தின் தரம் என்ன? ஊசி முடிவு படத்தோடு இசைகிறதா? இயக்குநீர் ஏற்பிச் சோதனை செய்யப்பட்டதா? இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. நல்ல மருத்துவர் இவற்றை வரவேற்பார். அறிக்கையையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும், கண்ணாடிச் சில்லுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேரின் அவற்றையே மீண்டும் பார்த்து இரண்டாம் கருத்துப் பெறலாம்.

முடிவுரை

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், நோயை ஆராய்ந்து தெளிதலை முதலிலும் அதனைத் தீர்க்கும் செயலைப் பின்னரும் வைக்கிறது. மார்பகத் திசு ஆய்வின் வரலாறும் இவ்வரிசையை நோக்கியே நகர்ந்து வந்திருக்கிறது. நுண்ணூசி விரைவையும் எளிமையையும் தருகிறது. தடித்த ஊசி திசுவின் அமைப்பைத் தருகிறது. வெற்றிட முறை கண்ணுக்கு எட்டாத துகளையும் பிடித்துத் தருகிறது. அறுவை, மற்றவை விடை தராத இடத்தில் இறுதி விடையைத் தருகிறது. இவற்றுள் எதுவும் மற்றொன்றை முற்றிலும் ஒழித்துவிடவில்லை. கட்டியின் இயல்புக்கும் பெண்ணின் வயதுக்கும் மருத்துவமனையின் வசதிக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டியவை அவை. கட்டி கண்ட பெண் அஞ்ச வேண்டியது ஆய்வுக்கன்று. ஆய்வுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் நிம்மதியோடு திரும்புவர். மற்றவர்க்கு உரிய சிகிச்சை உரிய காலத்தில் தொடங்கும்.